ஏற்காட்டில் வேலை, சேலத்தில் குழந்தை: 3,000 ரூபாய்க்குள் எலெக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப் எது வாங்கலாம், எப்படிப் பயன்படுத்துவது?

அஸ்தம்பட்டி_டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அடுத்த மாசம் பிரசவ லீவு முடியுது. 26 வாரத்துல ஆறு வாரம் பிரசவத்துக்கு முன்னாடியே போயிட்டதால, திரும்ப வேலைக்குப் போறப்ப பாப்பாவுக்கு நாலரை மாசம்தான் ஆகியிருக்கும். வீடு அஸ்தம்பட்டி, ஸ்கூல் ஏற்காட்டுல. காலைல ஏழேகாலுக்குக் கிளம்பினா வீடு திரும்ப சாயந்திரம் அஞ்சரை. பாப்பாவை மாமியார் பாத்துக்குவாங்க.

ஸ்கூல்ல 15 நிமிஷ இன்டர்வெல், 40 நிமிஷ லன்ச். லேப் பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம் கொடுக்கறேன்னு ஹெச்எம் சொல்லிட்டாங்க. பிளக் பாயிண்ட் உண்டு, ஃப்ரிட்ஜ் கிடையாது. வீட்டுல இருக்கிறது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். பட்ஜெட் 3,000 ரூபாய்.

சிங்கிள் வாங்கறதா டபுள் வாங்கறதா? ஒரு பாக்ஸ்ல 280 எம்எம்எச்ஜி, இன்னொண்ணுல 300ன்னு போட்டிருக்கு, அதிகமா இருக்கிறதுதான் நல்லதா? சொந்தத்துல ஒருத்தங்க அவங்க பழைய பம்ப்பைத் தர்றேங்கறாங்க, வாங்கிக்கலாமா? மலை மேல எடுத்த பாலை வெயில் காலத்துல கெடாம சேலத்துக்கு எப்படிக் கொண்டு வர்றது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.


ஸ்பேர்_வால்வு

டீச்சர், முதல்ல முடிவைச் சொல்லிடறேன். டபுள் பம்ப் (ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுக்கறது), குளோஸ்டு சிஸ்டம், மார்புல வைக்கிற புனல் உங்க அளவுக்குச் சரியா, கூடவே உபரியா ரெண்டு ஜோடி வால்வு. பாத்து வாங்கினா இது எல்லாமே 3,000க்குள்ள முடியும். பாக்ஸ்ல போட்டிருக்கிற எம்எம்எச்ஜி எண்ணைப் பாத்துக் காசு கொடுக்காதீங்க. 250, 300ங்கறதெல்லாம் மோட்டாரோட உச்ச இழுவை. பெரும்பாலானவங்க வலியில்லாம தாங்கறது அதுக்கு நல்லாக் கீழ. 3,000 ரூபாய் மோட்டாரும் 12,000 ரூபாய் மோட்டாரும் அந்த அளவை எட்டும். விலை வித்தியாசம் சத்தம், பேட்டரி, எத்தனை வருஷம் உழைக்கும்ங்கற விஷயங்கள்லதான் இருக்கு.

குளோஸ்டு சிஸ்டம்னா என்னன்னு பாருங்க. புனலுக்கும் டியூபுக்கும் நடுவுல கிண்ணம் மாதிரி ஒரு மெல்லிய சிலிக்கான் டயாஃப்ரம் இருக்கும். மோட்டார் டியூப் வழியா அந்தக் கிண்ணத்தை ஒரு பக்கம் இழுக்கும், கிண்ணம் அசையறதால மறுபக்கம் மார்புல இழுவை வரும். பாலும் ஈரமும் டியூபுக்குள்ள போக வழியில்ல. ஓப்பன் சிஸ்டத்துல இந்தத் தடுப்பு இருக்காது. பால் துளியும் ஆவியும் டியூபுக்கு ஏறி, அங்கிருந்து மோட்டாருக்குள்ள போயிடும். டியூபை மாத்தலாம், மோட்டாருக்குள்ள பூஞ்சை பிடிச்சா எதுவும் பண்ண முடியாது. ஆன்லைன்ல பாக்கறப்ப பாகங்களைப் பிரிச்சு வெச்சிருக்கிற படத்தைப் பாருங்க. டியூப் சேர்ற மூடிக்கு அடியில சிலிக்கான் கிண்ணம் தெரிஞ்சா குளோஸ்டு.

இதனாலதான் பழைய பம்ப் வேண்டாம்ங்கறேன். வீட்டுப் பம்ப்புகள் ஒருத்தர் மட்டும் பயன்படுத்தறதுக்காகச் செஞ்சது. டியூபும் புனலும் புதுசா போட்டாலும், முன்னாடி மோட்டாருக்குள்ள போனது அங்கயேதான் இருக்கும். ஆஸ்பத்திரிகள்ல பல பேர் பயன்படுத்தற பெரிய பம்ப் வேற ரகம், அதுல ஒவ்வொரு தாய்க்கும் தனி கிட் மாட்டுவாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு வேலை பண்ணுங்க. அதே மாடலுக்கு வால்வும் டயாஃப்ரமும் தனியா விக்குதான்னு தேடிப் பாருங்க. வாத்து அலகு மாதிரி நுனியில பிளவு இருக்கிற சின்ன சிலிக்கான்தான் வால்வு, டக்பில்னு தேடினா வரும். தினம் மூணு நாலு தடவை ஓட்டினா ஒன்றரை ரெண்டு மாசத்துல அது தளர்ந்துடும். தளர்ந்தா இழுவை குறையும், பால் குறையும், பாவம் தாய் தனக்குப் பால் வத்திப் போச்சுன்னு பயந்துடுவாங்க. உபரி வால்வு கிடைக்காத பம்ப் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

இந்த விலையில டபுள் பம்ப்புன்னா பெரும்பாலும் ஒரே மோட்டார்ல இருந்து ஒய் வடிவ டியூப் ரெண்டு பக்கமும் பிரியும். ஒரு பக்கம் மட்டும் எடுக்கறப்ப அடுத்த பக்க டியூபை அடைச்சாகணும், இல்லைன்னா காத்து அந்த வழியா போயிடும். பக்கத்துக்கு ஒரு மோட்டார்னு ரெண்டு மோட்டார் இருக்கிற மாடல் பட்ஜெட்டுக்குள்ள கிடைச்சா அதையே எடுங்க.

ஐந்து ரோடு பக்கமோ கடைவீதியிலயோ கடையில வாங்கினா அங்கயே பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஆன்லைன்னா பாக்ஸ் பிரிக்கறதை வீடியோ எடுத்துக்குங்க. உடம்போட சம்பந்தப்பட்ட பொருள்ங்கறதால பிரிச்சதைத் திரும்ப எடுத்துக்க மாட்டாங்க, பழுதுன்னு காட்டினாத்தான் மாத்துவாங்க. வந்த உடனே, கொதிக்க வைக்கறதுக்கு முன்னாடி, பூட்டிப் புனலை உள்ளங்கையால மூடி ஒவ்வொரு பக்கமா இழுவை பாருங்க.

மெடிக்கல் ஷாப்ல நூறு இருநூறு ரூபாய்க்கு ரப்பர் பல்பு வெச்ச பம்ப் தொங்கும், அதைத் தொடவே வேண்டாம். பால் பல்புக்குள்ள போயிடும், உள்ளே தேய்ச்சுக் கழுவ வழியே இல்ல. இழுவைக்கும் கணக்குக் கிடையாது.

புனல் அளவைத் தனியாச் சொல்லியாகணும். பாக்ஸ்ல வர்றது அநேகமா 24 மி.மீ., சிலதுல 27 அல்லது 28. இது புனல் குழாயோட உள் விட்டம். நிறையப் பேருக்கு வேண்டியது இதைவிடச் சின்னது. குழந்தைக்கோ பம்ப்புக்கோ பால் கொடுக்காத நேரத்துல, காம்போட அடிப்பகுதி அகலத்தை ஸ்கேல் வெச்சு மில்லிமீட்டர்ல அளங்க. சுத்தி இருக்கிற கருவட்டத்தைச் சேர்க்காதீங்க. டீச்சருங்கறதால வட்டம் வரையற ஸ்டென்சில் கையில இருக்குமே, அது ஸ்கேலைவிடத் துல்லியமா காட்டும். வந்த அளவோட 0 முதல் 3 மி.மீ. வரை கூட்டினா உங்க புனல். 15 மி.மீ. வந்தா 17, 17 வந்தா 19. ரெண்டு பக்கமும் தனித்தனியா அளக்கணும், வித்தியாசம் இருக்கும். புதுப் புனல் வாங்க வேண்டியதில்ல. 24 புனலுக்குள்ள சொருகற சிலிக்கான் இன்சர்ட் 17, 19, 21 அளவுகள்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது.


கிச்சிப்பாளையம்_கவி

ஒரு மாற்றுக் கருத்துங்க. நல்ல சிங்கிள் எலெக்ட்ரிக் ஒண்ணும் கைப்பிடி அழுத்தற மேனுவல் ஒண்ணும் சேர்த்து வாங்கினாலும் அதே காசுதான் ஆகும். ஏற்காட்டுல காத்து மழைன்னா கரண்ட் போகும், பேட்டரியும் ஒரு நாள் கைவிடும். மேனுவல் எப்பவும் ஓடும்.


ஸ்பேர்_வால்வு

கவி சொல்றது வீட்டுல இருந்து எடுக்கறவங்களுக்குப் பொருந்தும். டீச்சருக்கு இன்டர்வெல்லே 15 நிமிஷம். சிங்கிள்ல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி எடுத்தா அரை மணி ஆயிடும், டபுள்ல கால் மணிக்குள்ள முடியும். அதனால டபுள்தான். கரண்டுக்குப் பயந்தா 600 ரூபாய் சுமாருக்கு ஒரு மேனுவலை அடுத்த மாசச் சம்பளத்துல வாங்கிப் பைக்குள்ள போட்டு வைக்கலாம். பிராவுக்குள்ள வைக்கிற வயர் இல்லாத பம்ப் இப்போதைக்கு வேண்டாம். குனிஞ்சா கொட்டும், உள்ளே காம்பு நடுவுல இருக்கான்னு பாக்க முடியாது, மலிவுல வர்றதுல இழுவையும் நிலையா இருக்காது.


மகப்பேறு_செவிலி

டீச்சர், பம்ப்பைப் பற்றி மேலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். பயன்படுத்தும் முறையை நான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். காலையில்தான் பால் அதிகம் இருக்கும். காலை முதல் தடவை குழந்தைக்குக் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, தினமும் ஒரே ஒரு தடவை எடுங்கள். தொடக்கத்தில் 20 அல்லது 30 மில்லிதான் வரும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குழந்தை குடித்து முடித்த பிறகு மிச்சம் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான். நிறையச் சேர்க்கும் ஆசையில் நாளுக்கு நான்கைந்து தடவை கூடுதலாக எடுக்காதீர்கள். தேவைக்கு மேல் சுரந்தால் பால் கட்டும்.

எவ்வளவு தேவை என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை குழந்தை ஒரு நாளில் குடிப்பது சராசரியாக 750 மில்லி. பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பத்து மணி நேரம், ஆக 300 முதல் 450 மில்லி. முதல் நாளுக்கு இதுவும், கைவசம் ஒரு நாளுக்கு உபரியும் இருந்தால் போதும். அதன் பிறகு இன்று எடுப்பது நாளைக்கு என்று சுழற்சி ஓடும். ஃப்ரீசர் நிறையப் பால் தேவையே இல்லை.

உட்கார்ந்தவுடன் கையைக் கழுவி, மார்பை வெளியிலிருந்து காம்பை நோக்கி ஒரு நிமிடம் நீவி விடுங்கள். புனலின் நடுவில் காம்பு இருக்கட்டும். முதலில் தூண்டும் முறை. இது வேகமாக, லேசாக இழுக்கும், குழந்தை முதலில் சப்புவது போல. ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கித் துளி தாரையாக மாறும்போது எடுக்கும் முறைக்கு மாற்றுங்கள். அது மெதுவாக, ஆழமாக இழுக்கும். மாற்றாமல் தூண்டும் முறையிலேயே இருபது நிமிடம் ஓட்டிவிட்டு பால் வரவில்லை என்பவர்கள் நிறைய. இழுவையை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சற்றே உறுத்தும் படி வந்ததும் ஒரு படி இறக்குங்கள். அதுதான் உங்கள் அளவு. வலித்தால் பால் இறங்குவது தடைப்படும், ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு இழுவையைக் கூட்டினால் பால் குறையத்தான் செய்யும். தாரை நின்று சொட்டாகிய பின் இரண்டு நிமிடம் விட்டு நிறுத்துங்கள். இடையில் இன்னொரு முறை தூண்டும் முறைக்குப் போய் வந்தால் இரண்டாவது தடவையும் பால் இறங்கும்.

காலை ஆறேமுக்காலுக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பள்ளியில் பத்தரை, ஒன்றரை என்று இரண்டு தடவை கட்டாயம். மூன்றரைக்கு ஐந்து நிமிடமாவது கையால் பீய்ச்ச முடிந்தால் திரும்பும் பேருந்தில் மார்பு கனக்காது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது சட்டத்திலேயே உண்டு. தலைமை ஆசிரியர் ஒத்துழைப்பவர் என்பதால் நேரத்தைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள்.

வீட்டில் மாமியார் பாட்டிலில் கொடுக்க வேண்டியதில்லை. பாலாடையே போதும். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொட வைத்தால் குழந்தை தானே உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும். சாயந்திரம் மார்பில் குடிக்க அடம்பிடிக்கும் சிக்கலும் இதில் குறைவு. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அத்தை கையால் பழக்குங்கள். நீங்கள் மட்டும் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், தாயின் வாசம் பக்கத்தில் இருந்தால் பாலாடையை வாங்காது.

கழுவுவதற்கு. ஒவ்வொரு தடவையும் பால் படும் பாகங்களைப் பிரித்து, தண்ணீரில் அலசி, பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் போடாமல் தனிப் பேசினில் சோப்பும் சூடான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், சுத்தமான வலைத்தட்டில் கவிழ்த்துக் காயவிடுங்கள். வால்வை மட்டும் பிரஷ்ஷால் தொடாதீர்கள், விரலால் பிசைந்து கழுவினால் போதும். ஒரு நாளுக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள், அல்லது இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் துணி ஒன்று விரித்தால் சிலிக்கான் சூடான இரும்பில் பட்டு உருமாறாது. மோட்டாரும் டியூபும் தண்ணீருக்குப் போகக் கூடாது. பள்ளியில் சுடுதண்ணீருக்கு வழியில்லை என்றால் இரண்டு செட் கொண்டு போய், அழுக்கானதை மூடிய டப்பாவில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.


ஒண்டிக்கடை_மிளகு

நான் மலைப் பக்க விஷயத்தை மட்டும் சொல்றேன்ங்க.

சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்குள்ள, ஏற்காடு 1,500 மீட்டர். மேல காத்தழுத்தம் ஏழுல ஒரு பங்கு சுமாருக்குக் குறைவு. பம்ப் பண்ற வேலையே வெளிக்காத்தோட அழுத்தத்தை வெச்சுத்தான். அதனால சேலத்துல 5ஆம் படி சரியா இருந்தா, ஏற்காட்டுல அதே 5 கொஞ்சம் லேசாத் தெரியலாம். ஒரு படி ஏத்திக்குங்க. பம்ப் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க. சாயந்திரம் வீட்டுல எடுத்தா மறக்காம ஒரு படி இறக்கிடுங்க.

இன்னொண்ணு. மேல இறுக்கி மூடின பாட்டிலைக் கீழ கொண்டு வந்தா மூடி கெட்டியாப் பிடிச்சுக்கும், சேமிப்புப் பை ஒட்டிச் சுருங்கும். உள்ள இருக்கிற காத்து மலைக் காத்து, வெளிய அழுத்தம் கூடிப் போச்சு, அதான் காரணம். பால் ஒண்ணும் ஆகல. இருபது கொண்டை ஊசி வளைவுலயும் பஸ் ஆட்டற ஆட்டத்துக்குப் பையைவிடத் திருகு மூடி பாட்டில்தான் நல்லது. மடியில நிமிர்த்தி வைங்க.

குளிர்ச்சிக்கு: இப்ப எடுத்த பால் 25 டிகிரியும் அதுக்குக் கீழயும் இருந்தா 4 மணி நேரம் வெளிய தாங்கும். ஏற்காட்டுல டிசம்பர் ஜனவரின்னா அறையிலயே அந்தக் குளிர் இருக்கும். கத்திரி வெயில்ல சேலம் 40ஐ ஒட்டிப் போகும், அங்க இந்த 4 மணிக் கணக்கை நம்பக் கூடாது. பத்தரைக்கு எடுத்தது வீட்டுக்கு வர அஞ்சரை ஆயிடுதுங்கறதால உங்களுக்கு வருஷம் முழுக்க ஐஸ் வேணும். உறைஞ்ச ஐஸ் பேக்கோட கூலர் பையில 24 மணி நேரம் வரைக்கும் தாங்கும். ஜெல் ஐஸ் பேக் ரெண்டு வாங்கி, ராத்திரியே ஃப்ரீசர்ல தட்டையாப் படுக்க வைங்க. சிங்கிள் டோர் ஃப்ரீசர்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா நடுவுல உறையாது. பாட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, இடைவெளியில ஒரு துண்டைச் செருகிக் காத்து இல்லாமப் பண்ணிடுங்க. பையை அடிக்கடி திறக்காதீங்க.

கூலர் பை வாங்கற வரைக்கும் அகல வாய் ஸ்டீல் ஃபிளாஸ்க் போதும். ஐஸ் கட்டி போட்டு அதுக்குள்ள சின்ன பாட்டிலை நிறுத்துங்க. ஐஸ் உருகின தண்ணி மூடி மட்டத்துக்கு வராம இருக்கணும், அவ்வளவுதான்.

ஒண்ணரைக்கு எடுத்த சூடான பாலைப் பத்தரைப் பாலோட நேரா ஊத்தாதீங்க. வேற பாட்டில்ல பிடிச்சு, ரெண்டும் ஒரே குளிருக்கு வந்த பிறகு வீட்டுல கலக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜோட உள்பக்கம், பின்சுவரை ஒட்டி வைங்க. கதவுத் தட்டுல வேண்டாம். அங்க 4 நாள் வைக்கலாம், தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்க. தனிக் கதவு இருக்கிற ஃப்ரீசர்ல, மைனஸ் 18 டிகிரியில, 6 மாசம் நல்லா இருக்கும்னு படிச்சுட்டு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல வெச்சுடாதீங்க. உள்ளயே இருக்கிற ஐஸ் பெட்டிக்கு அந்தக் குளிர் வராது, அதுல 2 வாரம்தான் கணக்கு. உறைஞ்சது உருகினதுக்கு அப்புறம் ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம், மறுபடி உறைய வைக்கக் கூடாது. பாப்பா குடிச்சு மிச்சம் வெச்சது 2 மணி நேரத்துக்குள்ள முடியணும், இல்லைன்னா ஊத்திடணும். அதனால 60, 90 மில்லியா பிரிச்சு வைங்க, வீணாகாது. சூடு பண்றது வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தி மட்டும்தான். அடுப்புல நேரடியாவும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். அங்கங்க கொதிச்சு வாய் சுட்டுடும்.

மேல ஆடை மாதிரி கொழுப்பு மிதக்கறதைப் பாத்து மாமியார் திரிஞ்சு போச்சுன்னு கொட்டிடப் போறாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. லேசாச் சுழட்டினா கலந்துடும்.


அஸ்தம்பட்டி_டீச்சர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டபுள், குளோஸ்டு, ஒரே மோட்டார் மாடல் வாங்கிட்டேன். உபரி வால்வும் வந்துடுச்சு. ஆனா ரெண்டு பிரச்சினை. முதல் வாரம் நல்லா இழுத்தது, இப்ப இடது பக்கம் இழுவை பாதிதான் இருக்கு. இன்னொண்ணு, வலது பக்கம் காம்பு ஓரம் உராஞ்சு எரியுது, கருவட்டமும் கொஞ்சம் உள்ள இழுபடுது. புனல் பாக்ஸ்ல வந்த 24தான். அளந்தா ரெண்டு பக்கமும் 16 வருது, இன்சர்ட் இன்னும் வாங்கல. எங்க வீட்டுல போர் தண்ணி, அதுலதான் கொதிக்க வைக்கறேன்.


ஸ்பேர்_வால்வு

இடது பக்கத்துக்கு மோட்டார்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வாங்க டீச்சர். டியூபைக் கழட்டி மோட்டார் துவாரத்துல கட்டை விரலை வைங்க. விட்டு விட்டு நல்லா இழுத்தா மோட்டார் சரி. அடுத்து டியூபை மாட்டி, வலது நுனியை அடைச்சு, இடது நுனியில விரல் வைங்க. இங்க குறைஞ்சா டியூப்ல வெடிப்பு, இல்லைன்னா மாட்டற இடம் தளர்ந்திருக்கு. வெந்நீர்ல போட்டு எடுத்த டியூப் நுனி விரிஞ்சுடும், நுனியில அரை சென்டிமீட்டர் வெட்டிட்டு மாட்டினா மறுபடி இறுகும். இதுவும் சரின்னா டயாஃப்ரமைப் பாருங்க. விளிம்பு சுத்தி ஒரே மாதிரி உக்காந்திருக்கணும், மடிப்போ கிழிசலோ இருக்கக் கூடாது, மூடிக்குள்ள ஈரம் இருக்கக் கூடாது. கடைசியா வால்வு.

போர் தண்ணின்னு சொன்னதால எனக்குச் சந்தேகம் வால்வு மேலதான். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, பக்கவாட்டுல அமுக்காம நுனிப் பிளவைப் பாருங்க. நல்ல வால்வுல பிளவு முழுசா மூடியிருக்கும். வெளிச்சம் கோடாத் தெரிஞ்சா போச்சு. சேலத்து உப்புத் தண்ணியில கொதிக்க வெச்சா பிளவோட உதட்டுல சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாப் படியும். அந்தப் படிவு உதடு ரெண்டையும் ஒட்ட விடாது, ஒவ்வொரு இழுப்புலயும் காத்து கசியும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து அரை மணி ஊற வெச்சு, விரலால தடவி அலசுங்க. அதுக்கப்புறமும் வெளிச்சம் தெரிஞ்சா உபரி வால்வைப் போடுங்க, ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. இனிமே கொதிக்க வைக்க ஆர்ஓ தண்ணியோ மேட்டூர் தண்ணியோ எடுத்துக்குங்க.

மாட்டறப்ப வால்வை அடி வரைக்கும் நேரா ஏத்தணும். முனையைப் பிடிச்சுத் திருகினா பிளவு கிழிஞ்சுடும். எடுக்கறப்பவும் அடிப்பகுதியைப் பிடிச்சே இழுங்க.


மகப்பேறு_செவிலி

வலது பக்கத்துக்குக் காரணம் புனல்தான் டீச்சர். கருவட்டம் குழாய்க்குள் இழுபடுவது புனல் பெரிதாக இருப்பதன் அடையாளம். உள்ளே போன தோல் ஒவ்வொரு இழுப்பிலும் சுவரில் உரசுகிறது, எரிச்சல் அதனால்தான். புனல் சிறிதாக இருந்தால் வேறு மாதிரி இருக்கும். காம்பு குழாயை அடைத்துக்கொண்டு நகராது, நுனி வெளுத்துப் போகும். உங்களுக்கு 16 என்றால் 17 இன்சர்ட்டை முதலில் போட்டுப் பாருங்கள், இறுக்கமாகத் தோன்றினால் 19. காம்பு மட்டும் முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும், கருவட்டம் வெளியே நிற்க வேண்டும். இன்சர்ட் மாட்டும்போது உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்பை அழுத்துங்கள்.

இன்சர்ட் வரும் வரை வலது பக்கம் கையால் பீய்ச்சுங்கள். எடுத்த பிறகு இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடுங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகி, காய்ச்சலோ குளிரோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் பால் கட்டி நிலைமை மோசமாகும்.


அஸ்தம்பட்டி_டீச்சர்

வினிகர்ல ஊற வெச்சதும் இடது பக்கம் சரியாயிடுச்சுங்க! 17 இன்சர்ட் ஆர்டர் போட்டுட்டேன். கடைசியா ஒரு சந்தேகம். ஸ்கூல்ல என் போன் சார்ஜர்ல போட்டா பம்ப் சார்ஜே ஏறல, பவர் பேங்க்லயும் ஓடிட்டு இருக்கிறப்பவே நின்னுடுது. வீட்டுல கூட வந்த கேபிள்ல நல்லா ஏறுது.


ஸ்பேர்_வால்வு

பம்ப் கெடல. உங்க போன் சார்ஜர் ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கிற கேபிளா இருக்கும். மலிவுப் பம்ப்புகள்ல டைப் சி துவாரம் இருந்தாலும், எனக்கு மின்சாரம் வேணும்னு சார்ஜருக்குச் சொல்ற ரெசிஸ்டரை உள்ளே வைக்கறதில்ல. அதனால அந்தச் சார்ஜர் மின்சாரம் விடாது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி, மறுமுனை டைப் சி இருக்கிற கேபிளையும், சாதாரண 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரையும் ஸ்கூல் பையில போட்டு வைங்க. பம்ப்போட கூட வந்த கேபிளே அந்த ரகம்தான்.

பவர் பேங்க் நிக்கறதுக்கு, பம்ப் இழுக்கற மின்சாரம் ரொம்பக் கம்மிங்கறது காரணம். ஒண்ணுமே மாட்டலைன்னு நினைச்சு அது தானா அணைஞ்சுடும். சில பவர் பேங்க்ல பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா குறைஞ்ச மின்சார முறைக்குப் போகும், அதுல போட்டா நிக்காது. அந்த வசதி இல்லைன்னா ராத்திரியே பம்ப்பை முழுசா சார்ஜ் பண்ணி எடுத்துட்டுப் போங்க, ஸ்கூல்ல எடுக்கற ரெண்டு தடவைக்கும் தாராளமா வரும்.